சுனுக் பாயிர் உச்சிக்குப் போன கம்பி

மலையக வரலாற்றுத் தொடர் – 17

1914 ஓகஸ்டில் போர் மூண்ட செய்தி மலைநாட்டுக்கு வந்து சேர்ந்ததையும் கண்டியில் துரைமார் படை திரண்டதையும் சென்ற பகுதியில் பார்த்தோம். கப்பலேறிப் போன இடத்தில் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை இப்போது சொல்லவேண்டும். ஆனால் இந்தப் பகுதியின் நடுவில் நான் நிறுத்தப்போகிறவர் அந்தப் படையைச் சேர்ந்தவர் அல்லர். நியூசிலாந்தில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்த அவருக்கும் மலையகத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நம் துரைமார் காவல் நின்ற அதே கரையில் அவர் இறங்கினார். அவர் செய்த வேலை என்னவென்று தெரியாமல் அந்தப் போர்க்களத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

முதலில் கப்பல். 1914 ஒக்டோபர் 27ஆம் திகதி 'வூஸ்டர்ஷயர்' கொழும்புத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையின் 8 அதிகாரிகளும் 229 சிப்பாய்களும் அதில் இருந்தார்கள். மேஜர் ஹோல் பிரவுண் தலைமை தாங்கினார். கண்டியைத் தலைமையகமாகக் கொண்டு 1900இல் அமைந்த இந்தப் படையில் ஐரோப்பியர் மட்டுமே சேரலாம். தேயிலைத் தோட்டங்களிலும் ரப்பர் தோட்டங்களிலும் பெரிய துரையாகவும் சின்ன துரையாகவும் இருந்தவர்கள்தாம் இதன் ஆட்கள்.

அந்த 229 என்ற எண்ணைச் சற்று நின்று பார்க்கவேண்டும். அத்தனை பேரும் சாதாரணச் சிப்பாய்களாகவும் கீழ்நிலைப் பதவிகளிலும் போனவர்கள். நேற்றுவரை விடியற்காலைப் பிரட்டுக் களத்தில் நின்று நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தவர்கள். இன்று அவர்களே வரிசையில் நின்று பெயருக்குக் குரல் கொடுத்தார்கள், மண்வெட்டி பிடித்தார்கள், தண்ணீர் சுமந்தார்கள். அவர்கள் விட்டுப்போன தோட்டங்களோ மூடப்படவில்லை. கங்காணிமாரும் கணக்கப்பிள்ளைமாரும் எஞ்சியிருந்த துரைமாரும் வேலையை நடத்தினார்கள். லயங்களிலிருந்து பெண்கள் கூடையோடு மலையேறினார்கள். கொழுந்து பறிபட்டது, தேயிலை கொழும்புக்கு இறங்கியது. போர்க்காலம் முழுவதும் இந்தத் தீவின் கருவூலத்தை நிரப்பியதில் அந்தப் பெண்களின் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. துரைமாரின் போர்க்கதையை எழுதும் எவரும் இதைச் சொல்லாமல் கடந்துபோகக் கூடாது.

அந்த மாதங்களில் இந்துமாக்கடலில் போகிற கப்பலுக்குப் பாதுகாப்பில்லை. காரணம் எம்டன். செப்டெம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளைக் கொளுத்திவிட்டுப் போன அந்த ஜெர்மன் போர்க்கப்பல், அடுத்த சில நாட்களில் இலங்கைக் கரையோரம் வந்து சரக்குக் கப்பல்களைப் பிடித்தது. எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த நிலையில்தான் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிக்கொண்டு 38 துருப்புக் கப்பல்கள் மேற்கு அவுஸ்திரேலியாவிலிருந்து கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்தன.

நவம்பர் 9ஆம் திகதி காலை எம்டன் கோகோஸ் தீவுக்கூட்டத்தில் டைரக்‌ஷன் தீவின் அருகே நங்கூரமிட்டது. அந்தத் தீவில் இருந்தது ஒரு கேபிள் நிலையம். கடலடியில் போகும் தந்திக் கம்பிகள் அங்கே கரையேறின. அவற்றை வெட்டிவிட்டால் பிரித்தானியப் பேரரசின் செய்திப் போக்குவரத்தில் ஒரு பெரிய நரம்பு அறுந்துபோகும். ஜெர்மன் மாலுமிகள் படகில் வந்து இறங்கினார்கள், கம்பியில்லாத் தந்திக் கோபுரத்தை வீழ்த்தினார்கள், கருவிகளை உடைத்தார்கள். ஆனால் அவர்கள் கரையேறுமுன்பே, அந்நியக் கப்பலைக் கண்ட நிலையத்து ஊழியர்கள் கம்பியிலும் கம்பியில்லாத் தந்தியிலும் அபாயச் செய்தியை அனுப்பிவிட்டார்கள். ஏறத்தாழ ஐம்பது மைல் தொலைவில் துருப்புக் கப்பல்களுக்குக் காவலாக வந்துகொண்டிருந்த 'சிட்னி' அதைக் கேட்டுத் திரும்பியது. அன்றே எம்டன் சிதைந்து ஒரு பவளத் தீவில் கரைதட்டியது. துப்பாக்கி ஏந்தாத தந்தி ஊழியர்கள் தங்கள் மேசையை விட்டு எழாமல் இருந்ததால் வந்த முடிவு அது. ஆறு நாட்கள் கழித்து அந்தத் துருப்புக் கப்பல்கள் கொழும்புக்கு வந்து சேர்ந்தன. நியூசிலாந்தின் சிக்னல் பிரிவும் அந்த அணிவகுப்பில்தான் பயணம் செய்தது. அதில் ஓர் ஆள் சிறில் பாசெட்.

துரைமார் படை எகிப்தை அடைந்தது. சுயஸ் கால்வாய்க் காவலில் சில மாதங்கள் கழிந்தன. பின்னர் அவுஸ்திரேலிய-நியூசிலாந்துப் படையணியோடு சேர்க்கப்பட்டு, அதன் தளபதி ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்க்காவலாக நியமிக்கப்பட்டது. பேர்ட்வுட் இந்தியாவில் கிர்க்கியில் பிறந்தவர், இந்தியப் படையில் வளர்ந்தவர். தோட்டத்துரைமாரின் பேச்சும் பழக்கமும் அவருக்குப் புதியவை அல்ல. 1915 ஏப்ரல் 25ஆம் திகதி துருக்கியின் கலிப்பொலி தீபகற்பத்தில் படைகள் இறங்கின. கடற்கரையை அடுத்த பள்ளத்தில் பேர்ட்வுட் தலைமையகம் அமைத்தார். டிம்புலவிலும் டிக்கோயாவிலும் தேயிலை வளர்த்தவர்கள் அங்கே காவல் நின்றார்கள். கரையில் எந்த மூலையிலும் எறிகுண்டு விழலாம். பேர்ட்வுட்டின் தலையிலேயே மே 14ஆம் திகதி ஒரு தோட்டா உரசிச் சென்றது.

தலைமையகம் என்றால் வரைபடமும் மேசையும் மட்டும் அல்ல, கம்பிகளும்தான். பிரிகேடுகளுக்கு, பீரங்கி நிலைகளுக்கு, கரைக்கு, கப்பலுக்கு என்று எல்லாத் திசையிலும் தொலைபேசிக் கம்பிகள் பிரிந்து ஓடும். அங்கே காவல் நின்ற துரைமார் நாள் தவறாமல் பார்த்திருக்கக்கூடிய காட்சி, கம்பிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு சிக்னல் ஆட்கள் மேட்டில் ஏறிப்போவது.

1915இல் அந்த வேலை எப்படி நடந்தது? களத்தில் பெரும்பாலும் ஒற்றைக் கம்பிதான். மின்னோட்டம் திரும்பி வருவதற்கு நிலத்தையே வழியாக்கி, இரு முனையிலும் ஓர் இரும்பு முளையை மண்ணில் அடிப்பார்கள். மண் காய்ந்திருந்தால் பேச்சு மங்கும். பேச்சு கேட்காதபோது அதே கம்பியில் மோர்ஸ் ஒலி அனுப்புவார்கள். கம்பியைப் புதைக்க நேரமில்லை. தரையிலும் புதரிலும் பதுங்குகுழியின் ஓரத்திலும் கிடக்கும். எறிகுண்டு ஒன்று வெடித்தால் அறுந்துபோகும், கோவேறு கழுதையின் குளம்பில் சிக்கி அறுந்துபோகும், சொந்தச் சிப்பாயின் காலில் தட்டுப்பட்டும் அறுந்துபோகும்.

அறுந்துவிட்டால் அதைத் தேடிப் போகவேண்டும். கம்பியை உள்ளங்கையில் தளர்வாகப் பிடித்து, அது கைக்குள் வழுக்கி ஓட ஓட நடப்பதுதான் முறை. இரவானால் கண்ணுக்கு வேலையே இல்லை, கைதான் கண். ஓரிடத்தில் கம்பி முடிந்து கை வெறுமையாகும். அங்கேதான் அறுந்திருக்கிறது. ஆனால் மறுமுனை பக்கத்தில் இருக்காது. வெடிப்பு அதைச் சில கஜத் தூரம் தூக்கி எறிந்திருக்கும். தரையோடு தவழ்ந்து தடவித் தேடி எடுத்து, இரு முனையிலும் உறையைக் கத்தியால் சீவி, செம்பைப் பிணைத்து முடிச்சிட்டு, நாடா சுற்றி, கையிலிருக்கும் தொலைபேசியை இணைத்து இரு பக்கமும் பேசிப்பார்க்கவேண்டும். மறுபக்கம் இன்னும் பதில் வரவில்லை என்றால் இன்னொரு வெட்டு எங்கோ முன்னால் இருக்கிறது. எழுந்து நடக்கவேண்டியதுதான். சிப்பாய்க்குத் தன்னைச் சுடுகிறவனைத் திருப்பிச் சுடும் ஆறுதலாவது உண்டு. இந்த ஆளின் இரு கையும் கம்பியில் இருக்கும்.

ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு பெரும் தாக்குதல் தொடங்கியது. சாரி பாயிர் என்ற மலைத்தொடரைப் பிடித்துவிட்டால் தீபகற்பத்தின் மறுகரைவரை பார்வைக்குள் வரும் என்பது திட்டம். அதில் நியூசிலாந்துப் படைக்கு ஒதுக்கப்பட்டது சுனுக் பாயிர் என்ற முகடு. அதன் உயரம் ஏறத்தாழ 260 மீற்றர்தான், ஹற்றன் நகரம் இருக்கும் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் கீழே கடல்மட்டத்திலிருந்து குறுகிய பள்ளங்கள் வழியாக, இருட்டில், சுமையோடு ஏறவேண்டும். மலைச்சரிவில் காலம் கழித்த நம்மவருக்கு இதன் பொருள் விளங்கும். வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிற இடத்துக்குக் கால் போய்ச் சேர அரை நாள் ஆகும்.

7ஆம் திகதி விடியுமுன் உச்சியில் இருந்திருக்கவேண்டிய படை, விடிந்தபோது அதற்குக் கீழே ஏறத்தாழ 500 கஜத்தில் நின்றது. அன்று முற்பகல் பட்டப்பகலில் ஓக்லண்ட் பற்றாலியனை முன்னே அனுப்பினார்கள். சில நிமிடங்களில் முந்நூறு பேர்வரை விழுந்தார்கள். வெலிங்டன் பற்றாலியனின் தளபதி லெப்டினன்ட் கேர்ணல் மலோன், என் ஆட்களைப் பகலில் அனுப்பமாட்டேன், இரவில் போகிறோம் என்று மறுத்துவிட்டார். படையில் மேலதிகாரியின் கட்டளையை மறுப்பது சிறிய காரியம் அல்ல. அவர் செய்தது சரி என்பதே என் தீர்மானம். 8ஆம் திகதி அதிகாலை அவரது படையும் பிரித்தானியப் படையினரும் ஏறியபோது உச்சியில் எதிர்ப்பு அநேகமாக இல்லை. விடிந்த பிறகுதான் நரகம் தொடங்கியது. முகட்டில் கல்லும் கெட்டி மண்ணும்தான், குழி ஆழமாக வெட்ட முடியவில்லை. இரு பக்கத்திலிருந்தும் துருக்கியர் சுட்டார்கள். மேலே போன ஏறத்தாழ 760 வெலிங்டன்காரரில் அன்றிரவு பெரிய காயமில்லாமல் இறங்கி வந்தவர்கள் எழுபது பேரளவுதான். மாலை ஐந்து மணியளவில் மலோனும் விழுந்தார். தம் பக்கத்துக் குண்டே அவரைக் கொன்றது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள்.

அந்த உச்சியோடு கீழே இருந்த பிரிகேட் தலைமையகத்துக்குத் தொடர்பு வேண்டும். கொடி காட்ட எழுந்து நின்றால் உயிர் போகும். செய்தி கொண்டு ஓடுகிறவர்கள் பாதி வழியில் விழுந்தார்கள். மிச்சம் கம்பிதான். அந்தக் கம்பியை உச்சிக்குக் கொண்டுபோன சிறு குழுவின் முன்னே நின்றவர் கோப்ரல் சிறில் பாசெட்.

வயது 23. ஓக்லண்டில் பிறந்தவர், நியூசிலாந்து நஷனல் வங்கியில் குமாஸ்தா. குள்ளமான உருவம். முந்தைய நாள் ஓக்லண்ட்காரர்கள் விழுந்து கிடந்த அதே வெளியில், பட்டப்பகலில், விடாமல் சுட்டுக்கொண்டிருந்த துப்பாக்கிகளின் முன், பழைய நிலையிலிருந்து புதிய நிலைவரை கம்பியை இழுத்துச் சென்றார். ஒரு தோட்டா அவரது சட்டைக் கழுத்துப்பட்டியைத் துளைத்தது, இன்னொன்று சட்டைப்பையைக் கிழித்தது. உடலில் ஒரு கீறலும் இல்லை. கம்பி போய்ச் சேர்ந்ததோடு வேலை முடியவில்லை. அது அறுந்துகொண்டே இருந்தது. அவரும் தோழர்களும் பகலென்றும் இரவென்றும் பாராமல் அதே வெளியில் மீண்டும் மீண்டும் இறங்கி முடிச்சிட்டார்கள். விருதுக் குறிப்பில் திகதி 7 என்று இருக்கிறது. உச்சி பிடிபட்டது 8 அதிகாலை என்பதால், கம்பி அங்கே எட்டியது 8ஆம் திகதிதான்.

கம்பி இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதை அதே மலைத்தொடரில் மறுநாளே பார்க்கலாம். 9ஆம் திகதி காலை மேஜர் அலன்சன் தலைமையில் 6ஆவது கூர்க்கா ரைஃபிள்ஸ் படை பக்கத்து முகட்டில் கைகலந்து ஏறியது. மறுபுறம் கடல் தெரிந்தது. துருக்கியர் ஓடத் தொடங்கினார்கள். அந்தக் கணத்தில் சொந்தப் பக்கத்துப் பீரங்கிக் குண்டுகள் கூர்க்கா வீரர்கள் நடுவே வந்து விழுந்தன. சுட்டது கடற்படையா, தரைப் பீரங்கியா என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. ஆனால் முகட்டில் நிற்பது நம் ஆட்கள் என்ற செய்தி பீரங்கியின் பின்னால் நின்றவனுக்குப் போய்ச் சேரவில்லை என்பதில் வாதம் இல்லை. பிடித்த இடத்தை விட்டு அவர்கள் கீழே இறங்க நேர்ந்தது. இந்திய வரலாற்று நூல்களில் இந்தக் காலை நேரத்துக்கு ஒரு பத்தியாவது கிடைக்கவேண்டும்.

எதிர்ப்பக்கத்திலும் போரைத் திருப்பியதில் ஒரு தொலைபேசிக்குப் பங்குண்டு. 8ஆம் திகதி நெருக்கடி முற்றியபோது துருக்கியத் தளபதி முஸ்தபா கமால் மேலிடத்தோடு தொலைபேசியில் பேசி, அந்தப் பகுதியின் படைகள் அனைத்தையும் தன் பொறுப்பில் விடும்படி கேட்டார். அன்றிரவே பொறுப்பு அவரிடம் வந்தது. 10ஆம் திகதி விடியற்காலை அவர் நடத்திய எதிர்த்தாக்குதலில் சுனுக் பாயிர் மீண்டும் துருக்கியர் கைக்குப் போனது. அப்போது அங்கே இருந்தவர்கள் நியூசிலாந்துக்காரர்களை விடுவிக்க வந்திருந்த பிரித்தானியப் பற்றாலியன்கள். அதன்பின் அந்த உச்சியை யாரும் பிடிக்கவில்லை. டிசெம்பரில் படைகள் கலிப்பொலியை விட்டு விலகத் தொடங்கின.

பாசெட் அதற்கு முன்பே நோயுற்று அங்கிருந்து அனுப்பப்பட்டிருந்தார். 1915 ஒக்டோபரில் அவருக்கு விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது. கலிப்பொலியில் போரிட்ட நியூசிலாந்துப் படைக்குக் கிடைத்த ஒரே விக்டோரியா சிலுவை அது. பின்னர் பிரான்ஸில் போரிட்டார், அதிகாரியானார், காயப்பட்டார், ஊர் திரும்பி மறுபடி வங்கி வேலைக்குப் போனார். இரண்டாம் உலகப் போரில் மீண்டும் சிக்னல் பிரிவில் சேர்ந்து லெப்டினன்ட் கேர்ணல் ஆனார். 1983இல் தமது 91ஆவது வயதில் காலமானார். பதக்கத்தைப் பற்றி அவர் பேசவே விரும்பியதில்லை. நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கிடைத்திருக்கவேண்டியது தனக்கு மட்டும் வந்தது, தன் தோழர்களுக்குக் கிடைத்தவை கல்லறையின் மரச் சிலுவைகள்தாம் என்று வருந்தியவர் அவர். இன்றும் நியூசிலாந்துச் சிக்னல் படையில் சிறந்த கோப்ரலுக்கு அவர் பெயரால் ஒரு விருது வழங்கப்படுகிறது.

துரைமார் படைக்கு வருவோம். கலிப்பொலிக்குப் போனவர்களில் பலர் மெல்ல மெல்லப் பிரித்தானிய ரெஜிமென்டுகளில் அதிகாரிப் பதவி பெற்றுப் பிரிந்துபோனார்கள். திரும்பாதவர்கள் உண்டு. அவர்களின் துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே 1915இல் தீவுக்குள் நடந்ததையும் இதே மூச்சில் எழுதவேண்டும். அந்த மே, ஜூனில் சிங்கள–முஸ்லிம் கலவரம் மூண்டபோது இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அதை நடைமுறைப்படுத்தப் போன பஞ்சாபிப் படையினரோடு ஐரோப்பியத் தன்னார்வப் படையினரும் இருந்தார்கள். விசாரணையின்றி மக்கள் சுடப்பட்டதைச் சட்டசபையில் எழுந்து நின்று கேட்டவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். துரைமார் படையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கலிப்பொலியை மட்டும் எழுதி இதை விட்டுவிடுவது நேர்மை ஆகாது. அந்தப் படை 1949இல் கலைக்கப்பட்டது.

மலையகத்தில் அந்தக் காலத்தில் செய்தி எப்படிப் போனது என்று கேட்டால், தபால் கூலி என்று ஏடுகளில் பதிவான ஓர் ஆளைச் சொல்லவேண்டும். காலையில் தோட்டத்திலிருந்து இறங்கி ஹற்றன், தலவாக்கலை, நானுஓயா என்று பக்கத்துத் தபாற்கந்தோருக்கு நடப்பார், பையை வாங்கிக்கொண்டு திரும்ப ஏறுவார். மழை என்றும் அட்டை என்றும் மண்சரிவு என்றும் நின்றதில்லை. கலிப்பொலியிலிருந்து துரைசாணிகளுக்கு வந்த கடிதங்களை, சாவுச் செய்தி உட்பட, பங்களா வாசலில் கொண்டுசேர்த்தவர் அவர்தான். குண்டு விழாத வழியில் நடந்தவர் என்பதால் பாசெட்டோடு அவரை நான் ஒப்பிடவில்லை. ஆனால் பாசெட்டின் பெயர் அரசாங்க வர்த்தமானியில் ஏறியது. துரைமார் படைச் சிப்பாய்களின் பெயர்கள் படைப் பதிவேட்டில் இருக்கின்றன. நம் தபால் கூலிமாரின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை.

அவை தோட்டத்து ஆட்களின் பெயர்ப் பேரேடான செக்ரோலில் இருந்திருக்கும். தோட்டங்கள் கைமாறியபோது எத்தனையோ பேரேடுகள் கறையானுக்குப் போயின. இருப்பவற்றையாவது காப்பாற்றவேண்டும். 1914 முதல் 1918 வரையான செக்ரோல் ஏடு, தபால் பதிவேடு, பழைய புகைப்படம் ஏதேனும் உங்கள் தோட்டத்துக் கந்தோரிலோ வீட்டிலோ இருந்தால் தூக்கி எறியாதீர்கள். பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். உங்கள் பாட்டனோ பூட்டனோ தபால் சுமந்தவர் என்று வீட்டில் பேச்சு உண்டானால், அவர் பெயரையும் தோட்டத்தையும் டிவிசனையும் மூத்தவர்களிடம் கேட்டு இன்றே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே குறைந்துகொண்டே வருகிறார்கள்.